நூல் சிக்கிய நாலு நாள்

மிசினின் தலையைப் பின்பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டு, பிளேட்டின் முனையால் நூலை ஒவ்வோர் இழையாக அறுத்துக்கொண்டிருந்தேன். ஊசி இறங்கும் ஓட்டைக்குள் வெள்ளைத் துணி ஒரு பிடி போய் இறுகியிருந்தது. அதன் கீழே நூல் தும்புப் பந்துபோலத் திரண்டு, அடிநூல் உருளையான பொபினைச் சுற்றிக் கிடந்தது. எண்ணெய் பட்ட விரல் துணியில் படக்கூடாது என்பதற்காக மணிக்கட்டைத் தூக்கிப் பிடித்தபடி அறுத்தேன்.

கடைசி இழையும் அறுந்துவிட்டது என்று நினைத்துத் துணியை இழுத்தேன். மெதுவாகத்தான் இழுத்தேன். ஆனாலும் அந்தச் சத்தம் வந்தது. புதுத்துணி கிழிகிற சத்தத்தை வேறொன்றென்று யாரும் நினைக்க முடியாது. படலையைத் திறந்துகொண்டிருந்த பரமேஸ் அக்காவுக்கும் அது கேட்டது.

பரமேஸ் அக்கா எங்கள் வீட்டிலிருந்து மூன்று வளவு தள்ளி இருந்தவர். உள்ளே வந்தார். துணியைக் கையில் வாங்காமல் குனிந்து பார்த்தார். பாவாடைப் பகுதியின் முன்பக்கத்தில், நடுவில், ஒரு விரல் போகுமளவுக்கு ஓட்டை.

"பாவம் எண்டுதான் உன்னட்டைத் தந்தனான், வதனி," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "என்ர பிழைதான். துணியைத் தா. புதுக்குடியிருப்பில தையல்கடையில குடுத்து ஏதும் செய்யேலுமோ எண்டு பாக்கிறன்."

அன்று வியாழக்கிழமை. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் தொடங்குகிறது. அது அவருடைய மகள் துளசியின் சீருடைத் துணி. வருடத்துக்கு ஒரு தடவை, பிள்ளைக்கு ஒரு துண்டு என்று பள்ளிக்கூடத்தில் அளந்து கொடுப்பார்கள். மிச்சமும் வராது, இன்னொரு தடவையும் கிடைக்காது. துளசி அந்த வருடம் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். பழைய சட்டை அவளுக்குத் தோளில் ஏறவில்லை.

நான் துணியை மடித்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"துணி தரமாட்டன், அக்கா. சட்டையாத்தான் தருவன்."

"என்ன?"

"கிழிச்சது நான். அப்ப தைக்கவேண்டியதும் நான்தான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வாங்கோ."

"இதென்ன கதை, பிள்ளை. அது என்ர பிள்ளைக்குக் குடுத்த துணி."

"ஓம். இப்பிடியே கிழிஞ்சபடி திருப்பித் தந்தா, பிறகு இந்த ஊரில ஒருத்தரும் என்னட்டை ஒரு தலையணை உறைகூடத் தைக்கத் தராயினம். தரமாட்டன், அக்கா."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மிசினுக்குக் கீழே மிதிபலகையில் நீட்டிக் கிடந்த என் பொய்க்காலைப் பார்த்தார். படலையைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.



கோழியா, மிசினா

இந்தத் தொடரைப் படிக்கிறவர்கள் சிலர் கடிதம் போடுகிறார்கள். கால் போன கதையை விரிவாக எழுதுங்கள் என்கிறார்கள். அதை ஒரு பந்தியில் எழுதிவிடலாம். சமாதானம் என்று சொல்லிப் பாதை திறந்த காலத்தில், ஆனையிறவுக்கு அந்தப் பக்கம் கிடந்த எங்கள் பழைய காணியைப் பார்க்க அண்ணையோடு போனேன். கிணறு தூர்ந்துவிட்டதா என்று பார்க்க ஒழுங்கையை விட்டு நாலடி விலகினேன். மிதிவெடி. வலது கால், முழங்காலுக்குக் கீழே. அவ்வளவுதான். அன்றைக்கு உப்புக்காற்று பலமாக அடித்தது என்பதுகூட அண்ணை சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நூல் சிக்கிய கதை அப்படியல்ல. அது நாலு நாள் நடந்தது. அதில் நான் செய்தது என்று சில காரியங்கள் இருக்கின்றன. ஆகவே அதைத்தான் எழுதுகிறேன்.

பொய்க்கால் பொருத்திக்கொண்டு உடையார்கட்டுக்கு, அண்ணை வீட்டுக்கு வந்து சில மாதம் இருக்கும். உதவி கொடுக்கிற நிறுவனம் ஒன்றிலிருந்து ஓர் இளைஞர் படிவத்தோடு வந்தார். கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்தோம். என் பெயரையும் வயதையும் கேட்டார். அடுத்த கட்டத்தை என்னிடம் கேட்காமலே நிரப்பினார்.

"என்ன எழுதுறீங்கள், தம்பி?"

"கோழி வளர்ப்பு, அக்கா. உங்களுக்கு அதுதான் லேசு."

"கோழிக்குப் பின்னால ஓட எனக்கு இருக்கிற கால் காணாது. தையல் மிசினுக்கு ஒரு கால் போதும். மிசின் எண்டு எழுதுங்கோ."

"இஞ்ச கரண்ட் இல்லை. மிதிக்கிற மிசின்தான் குடுப்பினம். அதுக்கு ரெண்டு கால் வேணுமே?"

"நீங்கள் தைக்கிறனீங்களோ?"

அவர் இல்லை என்று தலையாட்டினார்.

"அப்ப எழுதுங்கோ."

கோழியை வெட்டிவிட்டு மிசின் என்று எழுதினார். நான் சொன்ன பதில் அன்று மாலைக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. சந்தையில் கண்டவர்கள் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கும் பெருமைதான். இரண்டு காலும் இருந்தபோது சட்டை, பிளவுஸ் எல்லாம் தைத்தவள் நான். தையல் என் கையில் இருக்கிறது, காலில் இல்லை என்று உண்மையாகவே நம்பினேன்.

மிசின் உழவு இயந்திரப் பெட்டியில் வைக்கோல் மேல் வந்து இறங்கியது. கறுத்தத் தலை, அதில் பொன்நிறப் பூக்கொடி, இரும்புக் கால்கள், புது வார்னிஷ் மணக்கும் பலகை. முதல் கிழமை, ஏழு நாளும், நன்றாக ஓடியது. இரண்டாம் கிழமை சிக்கத் தொடங்கியது.

எப்போதும் சிக்கினால் மிசின் பழுது என்று சொல்லிவிடலாம். இது அப்படியில்லை. காலையில் இரண்டு தலையணை உறை ஒழுங்காகத் தைத்துவிடும். மூன்றாவதில், முதல் தையலிலேயே ‘கடக்' என்று பிடிக்கும். தூக்கிப் பார்த்தால் அடியில் நூல் பொம்மிக் கிடக்கும். அறுத்து எடுத்துவிட்டு மறுபடி தொடங்கினால் சாதுவாக ஓடும். அதனால்தான் துளசியின் துணியை வாங்கத் துணிந்தேன். அதனால்தான் அது கிழிந்தது.

அந்த மிசின் இன்று என்னிடம் இல்லை. போரின் கடைசி வருடத்தில் இடம் விட்டு இடம் ஓடியபோது, இரும்புக் கால்களை ஓர் இடத்திலும் தலையை வேறோர் இடத்திலும் விட்டுவிட்டு வந்தேன். எந்த இடங்கள் என்று இப்போது போனால்கூடக் காட்டமுடியாது. ஆனால் அது எப்படிச் சிக்கியது, எப்படிச் சிக்காமல் ஓடியது என்பதை இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

தண்ணீரூற்றில் ஒரு கடை

வெள்ளிக்கிழமை காலை, நூல்தான் பழுது என்று முடிவுகட்டினேன். மிசின் புதிது, எனக்குத் தைக்கத் தெரியும். மிஞ்சுவது நூல்.

நூல் வாங்கியது தண்ணீரூற்றில், ரஸீது நானாவின் கடையில். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். தட்டிவானில் ஏறிப் போனேன். பக்கங்கள் திறந்த வாகனம். ரோட்டுப் புழுதி முழுவதும் நம் மேல்தான் படியும். அரிசி மூட்டைக்கும் ஒரு கிழவரின் சைக்கிளுக்கும் நடுவே பொய்க்காலை நீட்டி வைத்துக்கொண்டு, நானாவிடம் என்னென்ன சொல்லிச் சண்டை பிடிப்பது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம் சனத்தை ஒரு காலத்தில், எங்கள் பக்கத்து ஆயுதக்காரர்கள், கையில் கொண்டுபோகக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். அவர்கள் போனார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்போது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. ஆனாலும் விவரம் தெரியாத வயதல்ல. நானும் வாய் திறக்கவில்லை. பன்னிரண்டு வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டு, பாதை திறந்ததும் திரும்பி வந்த சிலரில் ரஸீது நானாவும் ஒருவர். கடையின் சுவர் நின்றது, கூரை இல்லை. பாதிக்குத் தகரமும் பாதிக்குத் தறப்பாளும் போட்டு, பிஸ்கட் பேணிகளில் நூலும் பொத்தானும் ஊசியும் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்.

நான் போனபோது ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்பட ஆயத்தமாகத் தொப்பியைக் கையில் வைத்திருந்தார்.

"நானா, நீங்கள் தந்த நூல் பழுது. சிக்கிச் சிக்கி ஒரு பிள்ளையின்ர துணி கிழிஞ்சு போச்சு."

அவர் தொப்பியை வைத்துவிட்டு நூல்கட்டையை வாங்கினார். ஒரு முழம் இழுத்து, இரண்டு நகங்களுக்கு நடுவே விட்டு உருவிப் பார்த்தார். விரலில் சுற்றி வெட்டி இழுத்தார். நூல் லேசில் அறவில்லை. விரலில் சிவப்புக் கோடு விழுந்த பிறகுதான் அறுந்தது.

"முடிச்சு இல்ல. இத்துப் போகவும் இல்ல. நூல் நல்ல நூல், தங்கச்சி."

"அப்ப ஏன் சிக்குது?"

"அது எனக்குத் தெரியாது. ஆனா ஒண்டு சொல்றன். பன்னெண்டு வருஷம் கழிச்சு வந்து, கூரை இல்லாத கடையில குந்திக்கொண்டு இரிக்கிறன். எங்கட ஆக்கள் பாதிப்பேர் இன்னும் வரவா விடவா எண்டு என்னைத்தான் பாத்துக்கொண்டு இரிக்காங்க. பழுதான நூல் வித்துப் பேரைக் கெடுக்கவா வந்தன்?" பிஸ்கட் பேணியை என் பக்கம் தள்ளினார். "எல்லாக் கட்டையும் இழுத்துப் பாருங்க. ஒண்டு பழுதெண்டாலும் பேணியோட தாறன்."

இரண்டு கட்டை இழுத்தேன். என் விரலும் சிவந்தது. மூன்றாவதைத் தொடவில்லை.

"எங்க சிக்குது? மேலயா, அடியிலயா?" என்று கேட்டார்.

"அடியில."

"என்ட பொஞ்சாதி தைக்கிறவ. அடியில சிக்கினா மேல பாருங்க எண்டு சொல்லுவா. ஏன் எதுக்கெண்டு எனக்குத் தெரியாது. நான் நூல் விக்கிறவன்."

ஊசி ஒரு பைக்கற் வாங்கிக்கொண்டு திரும்பினேன். சண்டை பிடிக்கவென்று போனவள், என்னிடம் இருந்த ஒரே எதிரியையும் இழந்துவிட்டு வந்தேன். இனி மிசினும் நானும்தான்.

மேலே பார்

வீட்டுக்கு வந்து முற்றத்தில் பாயை விரித்து மிசினைக் கழற்றினேன். பல்லுத்தட்டைத் திறந்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. துணியை முன்னுக்குத் தள்ளுகிற அந்தச் சிறு இரும்புப் பற்களின் இடுக்கெல்லாம், நூல் தூசியும் எங்கள் செம்புழுதியும் எண்ணெயில் குழைந்து புட்டு மாதிரி அடைந்திருந்தன. கோழி இறகால் தட்டி, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து எடுத்தேன். ஊசியைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டினேன். முனை ஒரு மயிரளவு வளைந்திருந்தது. மாற்றினேன்.

பிறகு நூலைக் கோத்துப் பார்த்தேன். அப்போதுதான் ‘மேல பாருங்க' என்பதன் பொருள் விளங்கியது. மேல்நூல் இரண்டு சின்னத் தட்டுகளுக்கு நடுவே போகிறது. அந்தத் தட்டுகள்தான் நூலை இறுக்கிப் பிடிப்பவை. துணியை அழுத்துகிற பாதம் கீழே இறங்கியிருந்தால் தட்டுகள் மூடிக்கொள்ளும். நூல் உள்ளே போகாமல் மேலாகக் கிடக்கும். அப்படிக் கிடந்தால் பிடிப்பில்லாத நூல் எல்லாம் அடியில் போய்க் குவியும். நாம் பொபினைத் திட்டிக்கொண்டிருப்போம். நான் அவசரத்தில் எத்தனையோ தடவை பாதத்தை இறக்கி வைத்துக்கொண்டே நூல் கோத்திருக்கிறேன்.

இன்று மின்சார மிசின் வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன். பாதத்தைத் தூக்கிவிட்டு நூலைக் கோத்துக்கொள்ளுங்கள். தொடங்கும்போது மேல்நூல், அடிநூல் இரண்டின் நுனியையும் பின்பக்கமாக இழுத்து, முதல் மூன்று நாலு தையலுக்கு விரலால் பிடித்திருங்கள். சிக்கினால் துணியை இழுக்கவே இழுக்காதீர்கள். என்னைப் போல இழுத்தால் என்னைப் போலக் கிழிப்பீர்கள்.

எல்லாம் சரிசெய்தேன். மிசின் தலையின் பக்கத்திலிருக்கும் சின்னச் சக்கரத்தை, கைச்சில்லை, என் பக்கமாக மெதுவாகச் சுற்றினேன். அண்ணையின் பழைய சாரத் துண்டில் தையல் எறும்பு வரிசைபோல விழுந்தது. திருப்பிப் பார்த்தேன், அடியிலும் அதே ஒழுங்கு. இன்னொரு வரிசை, இன்னொரு வரிசை. ஒரு சிக்கும் இல்லை.

காலை வைத்து மிதித்தேன். கடக்.

அப்படியென்றால் மிசின் நல்லது. நூல் நல்லது. ஊசியும் புதிது. பழுது என்னிடம்தான்.

கையாலேயே சுற்றித் துளசியின் சட்டையைத் தைத்து முடித்திருக்கலாம். ஒரு சட்டையை அப்படித் தைக்கலாம். அதை வைத்துப் பிழைக்க முடியாது. படிவத்தில் நான் எழுதச் சொன்னது ஒரு சட்டைக்காக அல்ல.

அண்ணை மிதித்தார்

சனிக்கிழமை காலை அண்ணை வயலுக்குப் போகாமல் நின்றார். என்னைவிட ஆறு வயது மூத்தவர். அந்தக் கிணற்றை நீ போய்ப் பார் என்று அன்றைக்குச் சொன்னவர் அவர்தான். அதற்குப் பிறகு இரண்டு வருடமாக நான் தண்ணீர் கேட்பதற்கு முன் செம்போடு நிற்பார். அவரிடம் கோபிக்கவும் முடியாது, அந்தச் செம்பை வாங்காமல் இருக்கவும் முடியாது.

"நான் மிதிக்கிறன், வதனி. நீ பிடிச்சுத் தை," என்றார்.

பக்கத்தில் பலகைக்கட்டையைப் போட்டு உட்கார்ந்து, இரண்டு காலையும் மிதிபலகையில் வைத்தார். வயல் சேறு காய்ந்த பெரிய பாதங்கள். நான் காலை எடுத்துக்கொண்டு சாரத் துண்டை ஊசிக்குக் கீழே வைத்தேன்.

அவர் மிதித்தார். கடக் என்று பிடித்தது.

ஆனால் இந்தத் தடவை என் கவனம் காலில் இல்லை. முதன்முதலாக நான் சும்மா இருந்து சில்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சில்லு முன்னுக்குச் சுற்றவில்லை. முதலில் பின்னுக்கு ஓர் அரைச் சுற்றுப் போய், பிறகுதான் முன்னுக்கு வந்தது. அந்த அரைச் சுற்றில் ஊசி ஏறி இறங்க, கீழே கொக்கியில் கொளுவிய நூல் கழன்று, மடிந்து, பந்தாயிற்று.

"இன்னொருக்கா மிதியுங்கோ."

இன்னொரு தடவை மிதித்தார். இப்போது நேராகச் சுற்றியது, சிக்கவில்லை. மூன்றாம் தடவை மறுபடி பின்னுக்குப் போனது, சிக்கியது. எனக்கு நடந்ததும் இதுதான். இரண்டு கால் இருந்த காலத்தில், ஒரு கால் முன்னுக்கும் ஒரு கால் பின்னுக்குமாக, சில்லு எந்தப் பக்கம் தொடங்குகிறது என்பதை அவை தாமே பார்த்துக்கொண்டன. கால்கள் அந்த வேலையைச் செய்தன என்பதே எனக்குத் தெரியாது. இப்போது ஒரு காலுக்கு உணர்வு இருந்தது. மற்றது வெறும் பாரம். அது தன் பாட்டில் பலகையின் முனையை அழுத்திக்கொண்டிருந்தது. அண்ணைக்கு இரண்டு கால் இருந்தும் பழக்கம் இல்லை.

தையலுக்கு ஒரு கால் போதும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே. அந்தப் பேச்சு அரைச் சுற்றளவு பிழையாகிவிட்டது.

"காணும் அண்ணை, எழும்புங்கோ."

"ஏன், பிழையா மிதிச்சிட்டனோ? பழகினா வரும். இனி நீ தைக்கேக்க எல்லாம் நான் வந்து மிதிக்கிறன்."

"வயல்?"

"வயல் கிடக்கட்டும்."

"எத்தினை வருஷத்துக்கு?"

அவர் குனிந்து காலில் காய்ந்திருந்த சேற்றை உரித்தார்.

"என்ர காலுக்குப் பதிலா உங்கட கால் எனக்கு வேண்டாம், அண்ணை," என்றேன். "வயலுக்குப் போங்கோ. எனக்கு இதை நான்தான் மிதிக்கவேணும்."

அவர் முகத்தை நான் பார்க்கவில்லை என்று எழுதினால் அது பொய். பார்த்தேன். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது அவருக்கு. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது செம்பில் தண்ணீர் வைக்கவில்லை. அந்த இரண்டு வருடத்தில் அதுதான் முதல் நாள்.

பொய்க்காலின் வாரைக் கழற்றி, அதைச் சுவரோடு சாத்தினேன். ஊசியிலிருந்த நூலை உருவி எறிந்தேன். துணிக்குப் பதில் பழைய பத்திரிகைத் தாளை வைத்தேன். கைச்சில்லின் விளிம்பில் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்தேன், அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று கண்ணால் காண.

இடது பாதத்தைப் பலகையின் நடுவில் சரித்து வைத்தேன். குதி ஒரு விளிம்பில், விரல்கள் மறு விளிம்பில். வலது கையால் சில்லை என் பக்கமாக இழுத்துத் தொடக்கிவிட்டு, அது போகிற போக்கில் பாதத்தை ஓடவிட்டேன். நிறுத்தும்போதும் காலை நம்பாமல், உள்ளங்கையைச் சில்லில் வைத்துப் பிடித்தேன். விட்டால் அது நிற்கிற நேரத்தில் பின்னுக்குச் சாயும். கை தொடக்கவேண்டும், கால் தொடரவேண்டும், கை நிறுத்தவேண்டும். சொல்ல மூன்று வரி. பழக ஒரு பகல்.

தாள் முழுக்க ஓட்டை. சில்லு பின்னுக்குப் போன இடங்களில் ஊசி ஒரே இடத்தில் குத்திக் கிழித்திருக்கும். நேராகப் போன இடங்களில் ஓட்டைகள் வரிசையாக இருக்கும். காலையில் கிழிசல் கூட, வரிசை குறைவு. மத்தியானம் பாதிக்குப் பாதி. பொழுது சாய்வதற்குள் நாலு தாள் தொடர்ந்து ஒரு கிழிசலும் இல்லாமல் வந்தது. கணுக்கால் வீங்கி, முதுகின் அடியில் நாரி பிடித்துக்கொண்டது. எழும்புவதற்குக் கதிரையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கவேண்டியிருந்தது.

ஞாயிறு பின்னேரம்

மிசின் சரி. கிழிந்த துணி கிழிந்த துணிதான்.

ஞாயிறு காலை துணியைப் பாயில் விரித்துவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். புதுத் துண்டுக்கு வழியில்லை. சட்டையின் பாவாடைப் பகுதிக்கு முன்னால் இரண்டு மடிப்பு வரும். மடிப்பை நாலு விரல் உள்ளே நகர்த்தினால் ஓட்டை மடிப்பின் வயிற்றுக்குள் போய்விடும். சட்டைக்கை வெட்டியதில் மிஞ்சிய சின்னத் துண்டை அடியில் வைத்து, ஓட்டையைக் கையூசியால் அடைத்தேன். பின்பக்க மடிப்புகளையும் அதே அளவு நகர்த்தினேன், முன்னும் பின்னும் ஒத்துப்போக. மத்தியானத்துக்குள் மேல்பகுதி முடிந்தது. இனி இடுப்பில் இரண்டையும் பொருத்தவேண்டும். விளிம்பு மடித்து அடிக்கவேண்டும்.

அப்போது படலை கிறீச்சிட்டது. பரமேஸ் அக்கா, பின்னால் துளசி. சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள்.

என் கை தானாகச் சுவரோடு சாத்தியிருந்த பொய்க்காலை நோக்கிப் போனது. அதுவரை வீட்டிலுள்ளவர்களைத் தவிர எவர் முன்னாலும் நான் அது இல்லாமல் இருந்ததில்லை. யாரும் வந்தால் முதலில் அதை மாட்டுவேன், பிறகுதான் ‘வாங்கோ' என்பேன். கை பாதி வழியில் நின்றது. அதை மாட்டினால் தைக்க முடியாது.

"வாங்கோ அக்கா. இருங்கோ. இன்னும் ரெண்டு வரிசை கிடக்கு," என்றேன்.

அவர் இருக்கவில்லை. மிசினுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். என் பாவாடையின் வலப்பக்கத்தை மடித்துச் செருகியிருந்த இடத்தில் அவர் கண் ஒரு தடவை போனது, பிறகு போகவில்லை.

இரண்டு நூல் நுனியையும் பின்னால் பிடித்தேன். சில்லை இழுத்தேன். பாதம் தொடர்ந்தது. இடுப்பு வரிசை நேராக ஓடியது. மடிப்புகள் இருக்கிற இடம் தடிப்பு. அங்கே சத்தம் மாறியது. உடனே உள்ளங்கையால் பிடித்தேன். ஊசியை மேலே எடுத்து, மிசினின் பாதத்தைத் தூக்கி, துணியை இழுக்காமல் விரலால் அடியில் தடவிப் பார்த்தேன். ஒரு சின்ன வளையம். வெட்டி எடுத்தேன். மறுபடி நுனியைப் பிடித்து, மறுபடி சில்லை இழுத்து, தடிப்பான இடத்தைக் கையாலேயே சுற்றிக் கடந்தேன். பிறகு காலை விட்டேன்.

"அக்கா, நோகாதோ?" என்று துளசி கேட்டாள்.

"காலோ? இல்லை. நாரிதான் நோகுது."

பரமேஸ் அக்கா அவளை அதட்ட வாயெடுத்தார். நான் சிரித்ததைப் பார்த்து விட்டுவிட்டார்.

விளிம்பும் முடிந்தது. நூலை வெட்டிச் சட்டையை உதறிக் கொடுத்தேன். அவர் வெளிச்சத்தில் பிடித்துத் தேடினார்.

"ஓட்டை எங்க?"

மடிப்பை விரித்துக் காட்டினேன். "இஞ்ச கிடக்கு. உங்களுக்குத் தெரியாம இருக்கக்கூடாது எண்டுதான் காட்டுறன்."

விரலால் தடவினார். "நடக்கேக்க விரியாதோ?"

துளசி உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தாள். முற்றத்தில் நடந்தாள். ஓடினாள். சுற்றி நின்று குந்தி எழும்பினாள். மடிப்பு மடிப்பாகவே இருந்தது.

பரமேஸ் அக்கா நன்றியும் சொல்லவில்லை, வியாழக்கிழமை சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கவும் இல்லை. துளசி கழற்றித் தந்த சட்டையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படலைவரை போனவர் திரும்பினார்.

"என்ர சீலை ஒண்டுக்கு பிளவுஸ் தைக்கக் கிடக்கு. அளவெடுக்க எப்ப வர?"

"புதன்கிழமை வாங்கோ," என்றேன்.

திங்கள்

இரண்டு நாள் பொய்க்கால் இல்லாமல் தொங்கப்போட்டதில், அடுத்த நாள் முழங்காலுக்குக் கீழே மிஞ்சிய துண்டுக்கால் வீங்கியிருந்தது. பொய்க்காலை மாட்ட முடியவில்லை. வீட்டில் கிட என்றார் அண்ணை. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பக்கம் புறப்பட்டேன். பாவாடையின் ஒரு பக்கம் வெறுமையாக ஆட, பகலில், ரோட்டில், எல்லோரும் பார்க்க நடந்தது அதுதான் முதல் தடவை. அண்ணை கொஞ்சத் தூரம் பின்னால் வந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, வயல் பாதையில் திரும்பிப் போய்விட்டார்.

சைக்கிளில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்றார். "என்ன பிள்ளை, காலெங்கை?"

"வீட்டில கிடக்கு. அதுக்கு இண்டைக்கு லீவு."

அவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார்.

பள்ளிக்கூட வேலியோரம் ஒரு பூவரசு நின்றது. அதில் சாய்ந்துகொண்டேன். உள்ளே பிள்ளைகள் காலைக் கூட்டத்துக்கு வரிசையாக நின்றார்கள். மழை விட்ட காலம்; நிலம் சிவப்பாக ஈரமாக இருந்தது. அதன் மேல் அத்தனை வெள்ளை. பரமேஸ் அக்காவும் வந்து என் பக்கத்தில் நின்றார். இரண்டு பேரும் கம்பிக்கு மேலாக எட்டிப் பார்த்தோம்.

"துளசி எங்க நிக்கிறாள்?" என்று கேட்டேன்.

"அதைத்தான் நானும் பாக்கிறன்."

முதல் வரிசையில் தேடினோம். இரண்டாம் வரிசையில் தேடினோம். புதுக்குடியிருப்பில் தைத்த சட்டைகள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சட்டைகள், அக்காமாரின் பழைய சட்டைகள் எல்லாவற்றுக்கும் நடுவில் அதுவும் எங்கேயோ நின்றது.

மணி அடித்தது. வரிசைகள் வகுப்புகளுக்குள் போயின. கடைசிவரை எங்கள் இரண்டு பேராலும் அந்தச் சட்டையைக் கண்டுபிடிக்க முடியவில்லை.